சோதனை சர்வரில் முப்பத்தொரு பேர்

"நாலு மணிக்கு என் வீட்டுக்காரர் பேரை எழுதி அனுப்பிடுவாங்க. அதுக்குள்ள அவரைக் கண்டுபிடிச்சுக் குடுங்க."

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். கைக்குட்டையைப் பிழிந்து பிழிந்து கயிறாக்கியிருந்தாள். சுவர்க் கடிகாரம் பதினொன்று ஐந்து காட்டியது.

மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்த பெண்மணியை எல்லோரும் ஆடிட்டர் என்றுதான் அழைத்தார்கள். அவர் கணக்குப் பார்ப்பவர் அல்ல. எந்தக் கம்பெனி லைசென்ஸ் இல்லாமல் எதை ஓட்டுகிறது என்று பதினெட்டு வருடம் மோப்பம் பிடித்துத் திரிந்தவர். ஒரு நாள் அந்த வேலையை உதறிவிட்டு, மாட்டிக்கொண்டவர்கள் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டார்.

ஜன்னலோரம் நின்றிருந்த உதவியாளன் முன்னாள் பஸ் கண்டக்டர். மீதி கொடுக்கச் சில்லறை இல்லாதபோதெல்லாம் பயணிகளுக்கு ஒரு ஜோக்கைக் கொடுத்து இறக்கிவிட்டதால் அவனுக்குச் சில்லறை என்றே பெயர் நிலைத்துவிட்டது. வேலை போனதும் அதனால்தான்.

"எப்பலேருந்து காணோம்?" என்றார் ஆடிட்டர்.

"நேத்து சாயங்காலம் ஆபீஸ்ல ஏதோ லெட்டர் வந்திருக்கு. வீட்டுக்கு வந்தவர் யார்கிட்டயும் பேசல. காலைல அஞ்சரைக்கு எழுந்து பார்த்தா ஆளைக் காணோம். போன் ஆஃப். மோதிரத்தைக் கழட்டி அலமாரில வெச்சிட்டுப் போயிருக்காரு." கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தாள். "எனக்குப் பயமா இருக்குங்க. அவர் தப்புப் பண்ற ஆளே இல்ல. வேற யாரோ பண்ணிட்டு அவர் தலைல கட்டறாங்க."

"போலீஸுக்குப் போனீங்களா?"

"முதலாளி வேண்டாம்னுட்டாரு. போனா அவர்தான் முதல்ல உள்ள போவார்னு சொல்றாரு. நல்லவேளை, இன்னைக்கு எனக்கு லீவு."

ஆடிட்டர் எழுந்தார். வந்தவளும் எழுந்தாள். கதவருகே நின்று சில்லறையின் பாதங்களைக் குனிந்து பார்த்தாள்.

"உங்களுக்குக் கால் வீங்கியிருக்கு. உப்பைக் குறைங்க."

"இருபது வருஷம் நின்னே பயணம் பண்ணினேம்மா. உட்காரச் சொல்லி யாராவது சொல்ல மாட்டாங்களான்னு பார்த்தேன், நீங்க உப்பைப் பத்திச் சொல்றீங்க" என்றான் சில்லறை.

அவள் சிரிக்கவில்லை.

-

கம்பெனி மூன்றாவது மாடியில் இருந்தது. நாற்பது மேஜைகள். யாரும் யாரையும் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது டயாலிசிஸ் மையங்களில் எந்த நோயாளிக்கு எந்த நேரம், எந்த மெஷின் என்று சொல்லும் மென்பொருள் இவர்களுடையது. முதலாளி ஒரு கையில் கடிதத்தையும் மறு கையில் தண்ணீர் பாட்டிலையும் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டே இருந்தார்.

"எங்ககிட்ட மூணு சர்வர். மூணுமே கிளவுட்ல, வாடகைக்கு எடுத்தது. ஒண்ணு நிஜ வேலைக்கு. ஒண்ணு புரோகிராம் எழுத. ஒண்ணு சோதனைக்கு. கடைசி ரெண்டுக்கும் டேட்டாபேஸ் கம்பெனி சும்மா பேருக்குத்தான் காசு வாங்குது. ஆனா கண்டிஷன் இருக்கு."

"நிஜமான வேலை ஒண்ணு கூட அதுல நடக்கக்கூடாது" என்றார் ஆடிட்டர்.

"புரியல மேடம்" என்றான் சில்லறை.

"ஷெட்ல பஸ்ஸை ஓட்டிப் பார்க்கலாம். ஆளை ஏத்தக்கூடாது."

"அப்படிச் சொல்லுங்க. இங்க யாரோ ஆளை ஏத்திட்டாங்க."

"காணாமப் போனவன்தான் ஏழு வாரமா ஏத்தியிருக்கான்!" முதலாளி டேட்டாபேஸ் கம்பெனியின் கடிதத்தை ஆட்டினார். "சர்வருக்குள்ள போற அவனோட சாவியிலதான் எல்லாம் நடந்திருக்கு. இன்னைக்கு நாலு மணிக்குள்ள அந்த வேலையை நிறுத்தணும், யார் செஞ்சாங்கன்னு எழுதிக் குடுக்கணும். இல்லன்னா மூணு லைசென்ஸும் ரத்து. ஒன்பது மையமும் படுத்துடும். ஒரு நாளைக்கு நானூறு பேர் மெஷின்ல படுக்கறாங்க. நான் யாருக்குப் பதில் சொல்றது? அவன் சாவியை நேத்தே பிடுங்கிட்டேன். சர்வரை அழிச்சிட்டு, அவன் பேரை எழுதி அனுப்பறதுதான் ஒரே வழி."

"நாலு மணி வரைக்கும் எதையும் தொடாதீங்க. சோதனை சர்வர்ல இருக்கற நோயாளிகள் பட்டியலைக் காட்டுங்க."

திரையில் நாலாயிரம் பெயர்கள் ஓடின. முக்கால்வாசி அ, ஆ, இ என்று ஒற்றை எழுத்துகள். மீதியும் கம்ப்யூட்டரே இட்டுக்கட்டிய பெயர்கள் போலத்தான் இருந்தன.

"இதுல நிஜ ஆளை எப்படிப் பொறுக்கறது?" சில்லறை கண்ணைக் கசக்கினான். "எல்லாரும் பொய் மாதிரியே இருக்காங்க, கல்யாண ஆல்பத்துல இருக்கறவங்களாட்டம்."

ஆடிட்டர் பட்டியலை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார். பிறகு முதலாளியிடம் திரும்பினார்.

"வர வேண்டிய நேரத்துக்கு லேட்டா வந்தவங்களை மட்டும் எடுங்க."

"எதுக்கு?"

"பொய் நோயாளிக்குப் பஸ் தவறாது. மழை பெய்யாது. மக வீட்டுக்கு வந்திருக்க மாட்டா. அவன் என்னைக்கும் சரியான நேரத்துக்கு வருவான்."

முதலாளி தட்டினார். நாலாயிரம் சுருங்கி முப்பத்தொன்று ஆனது.

பெயர், போன் நம்பர், தெரு. முப்பத்தொன்றாவது வரியில் மட்டும் தெரு இருக்க வேண்டிய கட்டம் காலி. அந்த ஒரு பக்கத்தை அச்செடுத்து மடித்துக்கொண்டார் ஆடிட்டர்.

மாடிப்படியிலேயே சில்லறை முதல் நம்பரை அழுத்தினான். பொய்ப் பட்டியலில் உள்ள நம்பருக்கு அடித்தால் யாரும் எடுக்கக்கூடாது. இரண்டாவது மணியிலேயே ஒரு வயதான அம்மாள் எடுத்தார்.

"யாரு, மறுபடியும் நீங்களா தம்பி? காலைலதான் எல்லாம் எழுதிக்கிட்டுப் போனீங்களே?"

சில்லறை போனை ஸ்பீக்கரில் போட்டான்.

"அது வேற ஆளும்மா. என்ன எழுதிக்கிட்டுப் போனாரு?"

"டயாலிசிஸ் விவரந்தான். போன்ல வந்த மெசேஜைப் பார்த்து நோட்டுல எழுதினாரு. பாவம், தண்ணி குடுத்தேன், நின்னுக்கிட்டே குடிச்சிட்டு ஓடினாரு."

"எந்த மையத்துக்குப் போறீங்க?"

"மார்க்கெட்டுக்குப் பின்னாடி, இலவச மையம். இன்னைக்கு வியாழக்கிழமை, மெஷினைக் கழுவற நாளு. மூடியிருக்கும்."

ஒன்பது மையங்களில் அப்படி ஒன்று இல்லை. இது பத்தாவது.

-

தெருமுனை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மணி ஒன்று வரை கூப்பிட்டார்கள். பத்தொன்பது பேர் எடுத்தார்கள். பன்னிரண்டு பேர் வீட்டுக்கு அந்த ஆள் வந்து போயிருந்தான். ஏழு பேர் வீட்டுக்கு இன்னும் வரவில்லை. ஓடிப்போனவன் வீடு வீடாக ஏறி இறங்கி எழுதிக்கொண்டு போகிறான். எதற்கு?

"எங்க போறான்னு தெரிஞ்சா எதுக்குன்னு கேட்கலாம்" என்றார் ஆடிட்டர். "பட்டியல் வரிசைல போகல. வயசு வரிசையும் இல்ல."

சில்லறை காகிதத்தை வாங்கினான். பன்னிரண்டு தெருக்களையும் விரலால் தொட்டான். திடீரென்று உதடு அசைய ஆரம்பித்தது.

"பஸ் ஸ்டாண்டு. தண்ணி டேங்க். பழைய கோர்ட்டு. லாரி ஷெட்டு. ரயில்வே கேட்டு..." நிமிர்ந்தான். "மேடம், இது பதினேழாம் நம்பர் ரூட்டு. ஒண்ணு விடாம ஸ்டாப்பிங்கா இறங்கி ஏறிக்கிட்டுப் போறான். ஏழு வருஷம் இதே ரூட்ல நான் விசில் ஊதினவன்."

"இப்ப எங்க இருப்பான்?"

"துரத்தினா பிடிக்க முடியாது. பஸ் முன்னாடி ஓடிக்கிட்டே இருக்கும். நாம ஆட்டோ பிடிச்சு முன்னாடி ஸ்டாப்ல போய் நின்னுடலாம். மில் கேட்டு பக்கத்துல ஒரு வீடு இருக்கு. தையல்காரர்."

-

தையல்காரரின் வீடும் கடையும் ஒன்றேதான். முன்னறையில் மெஷின், பின்னறையில் கட்டில். இடது முன்கையில் ஊசி ஏறி ஏறி நரம்பு கயிறு போல் புடைத்திருந்தது. அந்தக் கையை வெட்டுப்பலகையில் படாமல் உயர்த்தி வைத்துக்கொண்டே துணி வெட்டினார். மணி இரண்டே கால்.

அவரும் முதலில் பயந்துவிட்டார். "மையத்தை மூடப்போறாங்களா?" என்று மூன்று தடவை கேட்டார்.

"இல்லண்ணே. முன்னாடி எப்படி இருந்துச்சு, அதைச் சொல்லுங்க" என்றான் சில்லறை.

"முன்னாடி எல்லாம் நோட்டுலதான். யாருக்கு எந்த முறை, உடம்புத் தண்ணியை எடுத்து எவ்வளவு எடைக்கு இறக்கணும், எந்தக் கை, மருந்து எவ்வளவு, எல்லாமே ஒரே நோட்டு. ஒரு நாள் ரெண்டு தாள் ஒட்டிக்கிச்சு." அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "ஒருத்தருக்கு முறை தவறிப்போச்சு. பக்கத்துப் படுக்கைதான் எனக்கு. ரெண்டு நாள் கழிச்சு, நுரையீரல் பூராத் தண்ணி கட்டி, மூச்சு விட முடியாமப் போயிட்டாரு. சிஸ்டர் அன்னைக்கு அழுத அழுகை... நான் அதுக்கு முன்னாடி ஒரு நர்ஸ் அழுது பார்த்ததில்ல. அப்புறந்தான் இந்த மெசேஜ் வர ஆரம்பிச்சுது. தவறவே இல்ல."

"அந்த மெசேஜை ஏற்பாடு பண்ணினது யாரு?"

"சிஸ்டர்தான். தங்கமானவங்க. தெருவுல போறவங்க காலைப் பார்த்தாலே போதும், கண்ணு அங்கதான் போகும். வீங்கியிருக்கு, உப்பைக் குறைங்கன்னுடுவாங்க."

சில்லறை தன் பாதங்களைப் பார்த்தான். பிறகு ஆடிட்டரைப் பார்த்தான்.

ஆடிட்டர் நெற்றியைக் கையால் அழுத்திக்கொண்டார்.

"வர்றவங்ககிட்ட முதல்ல கேட்கற கேள்வி, என்ன வேலை பார்க்கறீங்கங்கறது. இன்னைக்குக் கேட்கல. அவங்க அழுதாங்க, நான் கடிகாரத்தைப் பார்த்துட்டேன்."

"அப்ப அந்தம்மாவுக்குத் தெரிஞ்சுதான்..."

"தெரியாது. தெரிஞ்சிருந்தா நம்மகிட்ட வந்திருக்க மாட்டாங்க. வேற யாரோ பண்ணிட்டு அவர் தலைல கட்டறாங்கன்னு நம்மகிட்ட அழுதாங்க. ஏழு வாரமா அந்தச் சர்வர்ல தினமும் கை வெச்சது அவங்களேதான்."

வாசலில் ஒரு ஆளின் நிழல் விழுந்தது.

சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. செருப்பு ஒரு வார் அறுந்து, நூலால் கட்டியிருந்தது. கையில் நூறு பக்க நோட்டு ஒன்று. புதிய ஆட்களைக் கண்டதும் அதை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"இதை மட்டும் பிடுங்காதீங்க. இவர் இருபத்தாறாவது ஆளு. இன்னும் அஞ்சு பேர் இருக்காங்க. முடிச்சிட்டு நானே வந்துடறேன்."

"உட்காருங்க" என்றார் ஆடிட்டர். "உங்க மனைவி அனுப்பினாங்க."

அவன் அறுந்த செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தான். தையல்காரர் தண்ணீர் எடுத்து வர உள்ளே போனார்.

"அவளுக்குத் தெரியுமா?"

"இன்னும் தெரியாது. கம்பெனி குடுத்ததுன்னு சொல்லியிருக்கீங்க, இல்லையா?"

"ஆமா. ஒரு வாரம் அவ சாப்பிடல மேடம். ஒரு ஆள் செத்ததுக்குத் தான்தான் காரணம்னு சுவரையே பார்த்துக்கிட்டு இருந்தா. சோதனை சர்வர் பகல்ல சும்மாதான் கிடந்துச்சு. எங்க வாரவிடுமுறை பூரா ரெண்டு பேரும் வீடு வீடாப் போய் இவங்க விவரத்தை எல்லாம் ஏத்தினோம். வீடு தெரியும், போன் நம்பர் தெரியாது. அதான் இப்படி அலையறேன்."

"விதி தெரியாதா உங்களுக்கு?"

"பதினோரு வருஷமா அந்தக் கடுதாசியைக் கட்டிக்கிட்டு அழறேன். தெரிஞ்சேதான் பண்ணினேன். நேத்து திடீர்னு சாவியைப் பிடுங்கிட்டாங்க, ஒரு நகல் எடுக்க முடியல. நாலு மணிக்கு அழிச்சிடுவாங்க. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு முதல் ஷிஃப்ட். பழைய நோட்டுல இருக்கறது ஏழு வாரத்துக்கு முந்தின எடை. எவ்வளவு எடைக்கு இறக்கணும்னு தெரியாம எப்படி மெஷின்ல போடுவா? அதிகமா இறக்கினா மயக்கம், கம்மியா இறக்கினா மூச்சு முட்டும். டாக்டர் சனிக்கிழமைதான் வருவாரு."

"மோதிரத்தைக் கழட்டி வெச்சிட்டு வந்தது?" சில்லறை மெதுவாகக் கேட்டான்.

"ஜெயில்ல பிடுங்கிக்குவாங்கன்னு யாரோ சொன்னாங்க." அவன் தலையைத் தூக்காமலே சொன்னான். "அவகிட்ட சொல்லாதீங்க. தெரிஞ்சா நேரா போய், 'நான்தான் பண்ணினேன்'னு கையெழுத்துப் போட்டுட்டு வந்து நிப்பா. அவளோட நர்ஸ் பதிவே போயிடும்."

ஆடிட்டர் முதலாளி கொடுத்திருந்த கடிதத்தின் நகலை எடுத்து இன்னொரு தடவை படித்தார். பதினெட்டு வருடப் பழக்கம், விரல் தானாக ஒரு வரியில் போய் நின்றது.

"'பயன்பாட்டை நிறுத்த வேண்டும்'னுதான் இருக்கு. அழிக்கணும்னு ஒரு வார்த்தை கூட இல்ல. நிறுத்தறது வேற, அழிக்கறது வேற." போனை எடுத்தார். மணி மூன்று பத்து. "சார், சர்வரை நிறுத்தினா போதும். அழிக்காதீங்க. அதுல இருக்கறது..."

எதிர்முனையில் முதலாளி பேசியது எல்லோருக்கும் கேட்டது.

"மூணு மணிக்கே அழிச்சிட்டேன் மேடம். எனக்குப் பயமா இருந்துச்சு."

தரையில் உட்கார்ந்திருந்தவன் நோட்டைத் திறந்தான். இருபத்தாறாவது பக்கத்தில் தையல்காரரின் பெயரை எழுத ஆரம்பித்தான். தையல்காரர் தன் போனை அவன் கண்ணெதிரே பிடித்துக்கொண்டார், எடை, கை, மருந்து என்று ஒவ்வொன்றாகப் படித்தார்.

"எங்ககிட்ட நம்பர் இருக்குய்யா!" சில்லறை மடித்த காகிதத்தைப் பிரித்தான். "நீ ஸ்டாப்பிங் ஸ்டாப்பிங்கா ஓட வேண்டாம். எக்ஸ்பிரஸ்ல போகலாம்."

நான்கு பேர் எடுத்தார்கள். ஒருவர் மெசேஜை அழித்துவிட்டார், ஆனால் மருமகள் காலண்டரில் குறித்து வைத்திருந்தாள். ஒருவருக்குக் காது கேட்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் வந்து படித்துச் சொன்னார். மணி மூன்று முப்பத்தைந்துக்கு முப்பது பக்கம் நிரம்பியது.

முப்பத்தொன்றாவது நம்பர் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி அடித்தான். மறுபடியும் அதே.

"இந்தம்மா வீடு எங்க?"

அவன் பெயரைப் பார்த்தான். "தெரியாது. இவங்க புதுசு, மத்தவங்ககிட்ட விசாரிச்சுக்கலாம்னு இருந்தேன். பதினோரு நாள்தான் ஆகுது. இவங்களை ஏத்தினது நான் இல்ல."

"யாரு?"

"அவதான்."

"நாளைக்கு எந்த ஷிஃப்ட் இவங்களுக்கு?"

"முதல் ஷிஃப்ட்."

ஆடிட்டர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வெட்டுப்பலகையில் வைத்தார். ஆட்டோவிலேயே எழுதத் தொடங்கிய கடிதத்தில் மீதியை மளமளவென்று எழுதி முடித்தார்.

"முதல்ல இது. உங்க பேரைத்தான் போட்டிருக்கேன். நான் பொய் எழுத மாட்டேன். ஆனா ஏன் பண்ணினீங்கன்னும் எழுதியிருக்கேன், தாள் ஒட்டிக்கிட்டது வரைக்கும். உங்க சாவி, உங்க பொறுப்பு. வேற யார் பேரும் இதுல இல்ல. வேலை போகும்."

அவன் பேனாவை எடுத்து நேராகக் கையெழுத்துக்குப் போனான்.

"படிச்சிட்டுப் போடுங்க. படிக்காமப் போடறவங்களாலதான் எனக்குப் பொழப்பு ஓடுது."

அவன் படித்தான். கையெழுத்துப் போட்டான். சில்லறை அதைப் படமெடுத்து டேட்டாபேஸ் கம்பெனிக்கு அனுப்பினான். மூன்று நாற்பத்தாறு.

பிறகு ஆடிட்டர் தன் போனை அவனிடம் நீட்டினார். அவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"நீங்களே கேளுங்க மேடம். நான் இருக்கேன்னு சொல்லாதீங்க."

"அந்தம்மா காலைலேருந்து நீங்க உயிரோட இருக்கீங்களான்னு தெரியாம உட்கார்ந்திருக்காங்க. நான் கேட்க மாட்டேன்."

சொல்லிக்கொண்டே நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார். மணி ஒரு தடவைகூட முழுதாக அடிக்கவில்லை.

"மேடம், கிடைச்சாரா?"

அவன் போனை வாங்கினான். "நான்தான்."

"எங்க இருக்கீங்க?"

"சர்வரை அழிச்சிட்டாங்க" என்றான். "உன் மையத்தோட விவரம் எல்லாம் அதுலதான் இருந்துச்சு. கம்பெனி குடுக்கல. நான்தான் குடுத்தேன். முப்பது பேருக்கு எழுதிட்டேன். கடைசியா சேர்ந்தாங்களே, அந்தம்மா... அவங்களுக்கு மட்டும்..."

அவள் கத்துவாள் என்று சில்லறை எதிர்பார்த்தான். தையல்காரர் தையல் மெஷினின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"பேனா இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

"நாப்பத்தாறு புள்ளி ரெண்டு. வலது கை. இடதுல ஊசி ஏத்தக்கூடாது. உறையாம இருக்கற மருந்து பாதி அளவு போதும், அவங்களுக்கு மூக்குல ரத்தம் வரும். எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"திருப்பிப் படிங்க."

அவன் படித்தான்.

"சரி. இப்ப என் பேரையும் அந்த லெட்டர்ல போடச் சொல்லுங்க. தினமும் அதுல கை வெச்சது நான்தானே?"

"அனுப்பியாச்சு. கையெழுத்துப் போட்டாச்சு."

எதிர்முனையில் மூச்சு மட்டும் கேட்டது. அது விட்டு விட்டு வந்தது. அழுகிறாள் என்று புரிய எல்லோருக்கும் ஒரு நிமிடம் ஆனது.

நான்கு மணி எட்டு நிமிடத்துக்கு ஆடிட்டரின் இன்னொரு போன் அதிர்ந்தது. டேட்டாபேஸ் கம்பெனியிலிருந்து இரண்டே வரிகள். ஒன்பது மையங்களின் அனுமதி தொடர்கிறது. கையெழுத்திட்டவரை இன்றே வேலையிலிருந்து நீக்க வேண்டும். ஆடிட்டர் அதை அவன் கண்முன் காட்டினார். அவன் பார்த்துவிட்டுத் தலையசைத்தான்.

"வேலை போயிடுச்சு" என்றான் போனில்.

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு அவள் பேசினாள், படுக்கைகளுக்கு நடுவே நின்று பேசுகிற, ஏற்ற இறக்கமில்லாத குரலில்.

"அப்ப காலைல ஆறு மணிக்கு உங்களுக்கு வேற வேலை இல்ல. நோட்டை எடுத்துக்கிட்டு என்கூட வாங்க. நான் ஊசி போடறேன். நீங்க பக்கத்துல நின்னு ஒவ்வொருத்தர் பேரா சத்தமாப் படிங்க. ரெண்டு தாள் ஒட்டிக்காமப் பார்த்துக்க ஒரு ஆள் வேணும்."